முதல் வெட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புயல் கரையேறும் என்றார்கள். பிறகு சனிக்கிழமை விடியற்காலை என்றார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு, அது கடலில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது, நடந்து போகிறவன் வேகத்தில்கூட நகரவில்லை என்று செய்தி வந்தது.

வெண்மேட்டில் தொம்மையின் மண்வெட்டி இரண்டு நாளாகக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. தொம்மை எழுந்துபோய்க் கதவைத் திறப்பார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, காற்று எந்தக் கன்னத்தில் அறைகிறது என்று பார்ப்பார். உள்ளே வந்து உட்காருவார். உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் மறுபடி எழுந்துவிடுவார்.

“அந்தக் கதவுக்கு வாயிருந்தா அழும்” என்றாள் அருள்ராணி. அவள் அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான்கு ஆடுகளையும் உள்ளே கட்டியிருந்ததால் அவளுக்குக் காலை நீட்டக்கூட இடமில்லை. ஒரு குட்டி மாவு டப்பாவுக்குள் தலையை விட்டு, வெள்ளை மூக்கோடு வெளியே எடுத்தது.

“வாடைதான் இன்னும்” என்றார் தொம்மை.

“காலைலேர்ந்து அதத்தான் சொல்றீங்க. களி ஆறுது. சாப்ட்டு பாருங்க, காத்து எங்கயும் ஓடிடாது.”

அந்த ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. மேற்கே உள்ள ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் ஓர் ஓடை வழியாக இங்கேதான் வந்து சேரும். கோடை முழுக்கக் கடல் மணலைத் தள்ளித் தள்ளி ஓடையின் வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் அந்த மணல் திட்டை ஆட்கள் இறங்கி வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வெள்ளம் கடலுக்குப் போகும். ஆனால் அந்த நேரத்தில் கடல் உயர்ந்திருந்தால், வெள்ளம் போவதற்குப் பதிலாகக் கடல் உள்ளே வரும்.

கடல் உள்ளே வந்தால் முதலில் முழுகுவது தொம்மையின் ஒன்றரை ஏக்கர். ஊரின் கடைசி நிலம் அது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திட்டில் முதல் வெட்டு கடைசி நிலத்துக்காரனுடையது. அவன் கை வைக்காமல் வேறு யாரும் மண்வெட்டியை ஓங்கக் கூடாது. உன் நிலத்தில் உப்பை விட்டது நாங்கள் இல்லை, நீதான் என்று பிறகு சொல்வதற்காக ஏற்படுத்திய வழக்கமாகவும் இருக்கலாம். உன் சம்மதம் இல்லாமல் உன்னை அழிக்க மாட்டோம் என்பதற்காகவும் இருக்கலாம்.

நான்கு வருடங்களுக்கு முன் தொம்மை ஒருமுறை அவசரப்பட்டு வெட்டினார். அன்றைக்குக் கடல் ஏறி வந்தது. அதற்குப் பிறகு அந்த மண்ணில் புல்லும் முளைக்கவில்லை. தொம்மை மரக்காணம் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். மழை பெய்யும்போதெல்லாம் வயலில் தண்ணீரைக் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். இந்த வருடம்தான் துப்பாமல் விழுங்கினார். சம்பா நட்டார். இப்போது அது கதிர் வெளியே வராமல் பொதி கட்டி நின்றது.

பதினொரு மணிக்குக் கண்ணையன் வந்தார். தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார். தொம்மையின் வயலுக்கு மேல் வயல் அவருடையது. வீடு ஓடை வளையும் பள்ளத்தில் இருந்தது. அவரோடு, ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் மணிமாறனும் வந்தான். இரண்டு பேரும் உள்ளே வராமல் இறவாணத்தில் சொட்டுகிற தண்ணீருக்குக் கீழேயே நின்றார்கள்.

“உள்ள வாங்கண்ணே” என்றார் தொம்மை.

“உள்ள ஆடுதான் ஒக்காந்துக்கினு இருக்குதே, நாங்க எங்க ஒக்கார்றது. தொம்மை, தெருவுல தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. திண்டிவனம் பக்கம் ஏரியெல்லாம் ரொம்பிக் கோடி போவுது. அது சாயங்காலம் இங்க வந்து சேரும்.”

“பொக்லைன் வரும்னாங்களே?”

“சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட நிக்குது” என்றான் மணிமாறன். “நடுவுல ரோட்டக் காணோம். டிரைவரு உள்ளயே ஒக்காந்து மல்லாட்டை தின்னுக்கினு இருக்கான்.”

“கையாலதான் வெட்டணும்” என்றார் கண்ணையன். “நீ ஒரு வெட்டு போடு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

அருள்ராணி களிக்கிண்ணத்தை நீட்டினாள். கருவாட்டுக் குழம்பின் வாசனை ஈரத்தில் கனமாக நின்றது. கண்ணையன் வாங்கிக்கொண்டு நின்றபடியே ஒரு விள்ளல் வாயில் போட்டார்.

“உப்பு கம்மி, தங்கச்சி.”

“இந்த வூட்டுல உப்பு கம்மியா இருந்தாத்தாண்ணே நல்லது.”

மணிமாறன் சிரித்தான். கண்ணையன் சிரிக்கவில்லை. “வாடை திரும்புனா தெரிஞ்சுடும். புயலு வடக்க போச்சுன்னா நமக்கு மேக்காத்து வரும், கடலத் தள்ளி வெச்சுடும். தைரியமா வெட்டலாம். தெக்க போச்சுன்னா கெழக்குக் காத்து. அப்ப வெட்டக் கூடாது. அது எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் ஒன் பொழப்புல மண்ணப் போட வரல. உன் பொண்ணக் கேளேன். அதுதான் அந்த ஆபீஸ்ல ஒக்காந்து பாத்துக்கினு இருக்குதே.”

ஜெசி விழுப்புரத்தில் இருந்தாள். மழைக்காலத்துக்காகத் திறந்திருந்த கட்டுப்பாட்டு அறையில் தற்காலிக வேலை. வருகிற போன்களை எடுத்து, பெயர், ஊர், தண்ணீர் எந்த அளவு என்று கணினியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. ஆனால் ஊரில் அதை அப்படி யாரும் நினைக்கவில்லை. புயலைப் பார்க்கிற பெண் என்று நினைத்தார்கள்.

தொம்மை போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணையனிடம் நீட்டினார். சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது.

“பாப்பா, பெரியப்பா பேசறேன். வடக்கயா தெக்கயா? அத மட்டும் சொல்லு.”

ஜெசிக்கு எதிரே சுவரில் பெரிய திரை இருந்தது. அதில் புயல் ஒரு சிவப்புச் சுழி. அதிலிருந்து கரையை நோக்கி ஒரு வெள்ளை விசிறி விரிந்தது. கதவிடுக்கில் விழும் வெளிச்சம் தரையில் விரிவதுபோல அது போகப் போக அகலமாயிற்று. கரையைத் தொடும் இடத்தில் அந்த விசிறி மரக்காணத்துக்கு வடக்கிலிருந்து பாண்டிச்சேரிக்குத் தெற்கு வரை முழுவதையும் மூடியிருந்தது. வெண்மேடு அதன் நடுவில் இருந்தது. வடக்கு, தெற்கு என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

“பாப்பா, இருக்கியா?”

“தெக்க பெரியப்பா” என்றாள் ஜெசி. “பாண்டிக்கு அந்தாண்ட போவுது. இப்ப வெட்ட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க.”

சொல்லிவிட்டுத்தான் தன் குரல் எவ்வளவு உறுதியாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணுக்குள் திரை இல்லை, அப்பாவின் நாக்கு நுனியில் ஒட்டிய மண் இருந்தது. காத்திருந்தால் பெரியப்பா தெருவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர். வடிந்துவிடும். நெல்லும் நல்ல தண்ணீரில் மூன்று நாள் முழுகிக் கிடந்து எழுந்துவிடும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

கண்ணையன் போனைத் திருப்பிக் கொடுத்தார். “படிச்ச பொண்ணு சொல்லிடுச்சு. அப்பறம் இன்னா. காத்துக்கினு இருக்க வேண்டியதுதான்.” மணிமாறனைப் பார்த்து, “நீ போயி மாட்ட அவுத்து மேட்டுல கட்டு. பேஜாரு பண்ணாம கட்டு, அது முட்டும்” என்றார்.

காத்திருப்பது வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தொம்மை திட்டுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் சேற்று நிறத்தில் எழுந்து விழுந்தது. இந்தப் பக்கம் ஓடை அசையாமல் வீங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த மணல் முப்பது நடைதான். வீட்டுக்கு வந்து ஈரவேட்டியைப் பிழிந்தார். மறுபடி போனார். மத்தியானம் மழை குறைந்தது. வானம் ஒரு பக்கம் வெளுத்தது. புயல் கலைந்தேவிட்டது என்று யாரோ மேட்டிலிருந்து கத்தினார்கள். அரை மணி நேரத்தில் முன்னைவிடப் பலமாகப் பிடித்துக்கொண்டது. சவுக்கு மரங்கள் ஒரே பக்கமாகப் படுத்து, எழுந்து, படுத்தன. தொம்மை கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று வாடையாகவே இருந்தது.

இரண்டரை மணிக்கு ஜெசியின் முன்னால் இருந்த போன் அடித்தது. காலையிலிருந்து அது ஓய்ந்ததே இல்லை.

“கட்டுப்பாட்டு அறை. உங்க பேர் சொல்லுங்க.”

முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. தகரத்தின் மேல் விழும் மழை.

“பேரா? கோவிந்தம்மா. கண்ணையன் வூடு, வெண்மேடு. வூட்டுக்குள்ள தண்ணி வருதும்மா.”

ஜெசியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. ஜுரம் வந்தால் தன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தவளின் குரல் அது. பெரியம்மா, நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. வந்தது வேறு.

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“நானு, மருமவ, கைப்புள்ள. கட்டிலு மேல நின்னுக்கினு இருக்கோம். பக்கத்து வூட்டு செவுரு இப்பதான் வுழுந்துச்சு. எங்கூட்டு செவுரும் மண்ணுதான். இவரு மாடு பாக்கப் போனவரு, தெருவுல இறங்க முடியல, அந்தாண்ட நின்னு கத்திக்கினு இருக்காரு. வாய வெட்டிட்டா வடிஞ்சுடும்மா. கெழக்கால தெக்கன்னு ஏதோ இருக்குதாம், அதான் வெட்டல. எங்கூரு பொண்ணு ஒண்ணு உங்க ஆபீஸ்லதான் இருக்குது, அது சொல்லியிருக்குது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும். அதுவரைக்கும் யாரையாவது அனுப்புங்க, ஜல்தி.”

“தண்ணி எந்த அளவுக்கு இருக்குது?”

“கட்டிலு காலு தெரியல.”

ஜெசி அப்படியே தட்டினாள். கட்டில் கால் தெரியவில்லை. பிரிவுப் பொறுப்பாளர் அரங்கநாதன் அவள் தோளுக்கு மேலே குனிந்து படித்தார்.

“படகு மரக்காணத்துலேர்ந்து வரணும். நடுவுல ரெண்டு எடத்துல ரோடு கட். ரெண்டு மணி நேரம் ஆகும்மா. சொல்லிடு, தைரியமா இருக்கச் சொல்லு.”

அவள் சொன்னாள். தைரியமா இருங்க என்று சொன்னாள். வைத்துவிட்டு நடைபாதைக்கு ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, வெட்டிடுங்க.”

“வடக்க திரும்பிடுச்சா?”

“இல்ல.”

“பின்ன?”

“எனக்குத் தெரியாதுப்பா. காலைலயும் தெரியாது. நெல்லுக்காக சொன்னேன்.”

அவர் பக்கத்து மழையும் அவள் பக்கத்து மழையும் போனுக்குள் கலந்தன.

“அங்க யாருக்குமே தெரியாதா?”

“ரெண்டு பக்கமும் போலாம்னுதான் போட்டிருக்காங்க. அப்பா, பெரியம்மா கட்டிலு மேல நிக்கறாங்க. கைப்புள்ளையோட. எனக்குத்தான் போன் பண்ணாங்க. நான் பேரக் கேட்டேன்ப்பா.”

போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்ததா, அப்பா வைத்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தொம்மை கதவுக்குப் பின்னாலிருந்து மண்வெட்டியை எடுத்தார். அருள்ராணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆட்டுக் கயிற்றை இறுக்கிவிட்டு, இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வரப்பில் ஆள் உயரத்துக்குச் சாரல் அடித்தது. இரண்டு பக்கமும் நெல் தலை மட்டும் தெரிய நின்றது.

“இன்னா சொல்ற?” என்றார் தொம்மை, திரும்பாமல்.

“நெல்லு பொதியா இருக்குது.”

“ம்.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“கோவிந்தம்மா வூட்டுக் கட்டிலு ஒசரம் கம்மி” என்றாள் அருள்ராணி.

திட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் மண்வெட்டி இருந்தது. யாரும் வெட்டவில்லை. தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதும், தங்கள் வீடுகள் பள்ளத்தில் இருந்தபோதும், அவர்கள் வெட்டவில்லை. தொம்மை வருவதைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள்.

தொம்மை கடலைப் பார்த்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். முதல் வெட்டை வெட்டி, ஈரமணலைக் கடல் பக்கம் எறிந்தார்.

பத்து மண்வெட்டிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்தன. வெட்டிய இடத்தில் மணல் சரிந்தது. மறுபடி வெட்டினார்கள். இடுப்பளவு அகலத்தில் ஒரு வாய்க்கால் கடலைத் தொட்டபோது, ஓடை முதலில் ஒரு கயிறுபோல வழிந்தது. பிறகு தானே கரைகளைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. “ஏறுங்க, மேல ஏறுங்க” என்று மணிமாறன் அருள்ராணியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நின்றிருந்த மணல் ஒரு மாட்டுவண்டி அளவுக்குப் பெயர்ந்து போயிற்று. வெள்ளம் கத்திக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது.

ஒரு மணி நேரத்தில் கோவிந்தம்மாளின் கட்டில் கால் தெரிந்தது. அப்புறம் கண்ணையன் தெருவில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போனார்.

பொழுது சாயும்போது தொம்மையின் இடது கன்னத்தில் அறைந்துகொண்டிருந்த காற்று மூக்கு நுனிக்கு வந்தது. கடலைப் பார்த்து நின்றிருந்த அவருக்கு நேர் எதிரே. கிழக்குக் காற்று. புயல் தெற்கேதான் கரையேறியது. வெள்ளம் கொஞ்ச நேரம் கடலோடு முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அலைகள் வெட்டிய வாய் வழியாக ஓடைக்குள் ஏறின. தொம்மை வரப்பில் நின்று பார்த்தார். நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் அவர் நிலத்துக்குள் புகுந்தது. அருள்ராணி வந்து கூப்பிடும்வரை நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பூசை இல்லை, கோயிலுக்குள் மூன்று தெரு சனம் படுத்திருந்தது. மணிமாறன் தன் டிராக்டர் பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். பத்து மணிக்குத் தொம்மையும் அருள்ராணியும் வயலில் இறங்கினார்கள். அவர் கையில் ஒரு சவுக்குக் குச்சி இருந்தது.

கடல் பக்கத்து மூலையில் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். பத்தடி நடந்தார். மறுபடி வைத்தார். துப்பினார். அருள்ராணி அடுத்த வரப்பில் அதையே செய்துகொண்டு வந்தாள். எதிரே கண்ணையன் மேல் வயலிலிருந்து இறங்கி வந்தார். அவர் ஒன்றும் கேட்காமல், அந்தப் பக்கத்திலிருந்து விரலை நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். முக்கால்வாசி நிலத்தைத் தாண்டி மூன்று பேரும் சந்தித்தார்கள். உப்பு முடிந்த இடம் அது. தொம்மை அங்கே குச்சியை நட்டார்.

“முக்கால்வாசி போச்சு” என்றார் அருள்ராணியிடம், குச்சிக்குக் கீழே கிடந்த நிலத்தைக் காட்டி.

கண்ணையன் இடுப்பில் கை வைத்து நின்றார். “உன் பொண்ணு சொன்னது சரியாப் போச்சுய்யா. தெக்கதான் போச்சு. நேத்து காலைலயே சொல்லிடுச்சு பாரு. அப்பறம் ஏன்யா நம்பாம வெட்டுன? எங்களுக்கோசரமா?”

தொம்மை வாயைத் துடைத்துக்கொண்டார். அப்போது போன் அடித்தது. ஜெசிதான். கண்ணையன் தானே வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“பாப்பா, பெரியப்பா. சொன்ன மாதிரியே போச்சே. அடுத்த தபா உன்னைக் கேட்டுத்தான் எதுவும். உங்க அப்பன்தான் கேக்கல.”

“என்னைக் கேக்காதீங்க பெரியப்பா” என்றாள் ஜெசி. “எனக்குத் தெரியாது. எங்க நெல்லு போயிடக் கூடாதுன்னு தெக்கன்னு சொன்னேன். பெரியம்மா போன் பண்ணப்ப நான்தான் எடுத்தேன். யாருன்னு சொல்லல.”

கண்ணையன் போனைப் பார்த்தார். தொம்மையைப் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“வெட்டறதுக்கு முன்னாடி தெரியும்” என்றார் தொம்மை.

“அவ செவுரு வுழுற சத்தத்தக் கேட்டுக்கினு மூணு மணி நேரம் நின்னாய்யா. கைப்புள்ளையத் தலைக்கு மேல தூக்கிக்கினு.” போனை அருள்ராணியின் கையில் திணித்தார். “நல்லா இருக்குதுடா உங்க படிப்பு.” திரும்பி வரப்பில் விறுவிறுவென்று ஏறிப் போனார். மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டார்.

தொம்மை குச்சியை இன்னும் ஆழமாக அழுத்தினார். பிறகு அதற்கு மேலே இருந்த பாத்தியில் மறுபடி ருசி பார்க்கப் போனார். ஏற்கெனவே பார்த்த இடம்தான்.

“அம்மா” என்றாள் ஜெசி. “பேசுங்கம்மா. எவ்ளோ போச்சு?”

அருள்ராணி வாயைத் திறந்தாள். மேலே மண் வெட்டும் சத்தம் கேட்டது. கண்ணையனின் வயலுக்கும் அவர்கள் வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பிலிருந்துதான் அது வந்தது. நான்கு வருடங்களுக்கு முன், உப்பைக் கழுவ மேல் வயலின் நல்ல தண்ணீருக்காக அந்த வரப்பை ஒருமுறை திறந்துவிடச் சொல்லித் தொம்மை அவரிடம் நடையாய் நடந்தார். வரப்பு பலவீனமாகிவிடும், முடியவே முடியாது என்று சொல்லி அவர் திறக்கவில்லை. இப்போது வரப்பின் மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது. குனிந்தது, நிமிர்ந்தது. இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாயில் ஏதோ திட்டிக்கொண்டே இருந்தார்.

“அம்மா, இருக்கீங்களா?”

சேறு கலந்த தண்ணீர் அருள்ராணியின் பாதத்தைத் தொட்டது. அவள் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். விழுங்கினாள்.

“இரு” என்றாள். “தண்ணி வருது.”